த்ராட்டில் கேபிளை எந்த வழியாகக் கொண்டுபோவது?

போன சனிக்கிழமை மச்சான் ஹேங்கருக்கு வந்ததும் வராததுமாகப் பேனலில் பென்சிலால் மூன்று வட்டம் வரைந்துவிட்டு, ட்ரில்லைக் கையில் எடுத்துக்கொண்டான். "மச்சான், த்ராட்டில் இங்க, ப்ராப் இங்க, மிக்ஸ்சர் இங்க. துளைச்சிடவா?" "இருடா" என்று ட்ரில்லை வாங்கிக் கீழே வைத்தேன். அவன் வரைந்த இடம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அங்கிருந்து புறப்படும் கேபிள் எந்த வழியாகப் போய் எஞ்சினில் எப்படி முடியும் என்பதைத்தான் நாங்கள் இருவருமே இன்னும் பார்க்கவில்லை.

நாங்கள் டெக்ஸாஸில் கட்டிக்கொண்டிருப்பது ஆர்வி-7ஏ. ஓரிகன் மாநிலத்து அரோராவிலிருந்து வேன்ஸ் நிறுவனம் அனுப்பும் கிட். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, மூக்கில் ஒரு சக்கரம். எஞ்சின் லைகமிங் ஓ-360-ஏ1ஏ: கார்புரேட்டர் வைத்தது, 2700 ஆர்பிஎம்மில் 180 குதிரைத்திறன், கான்ஸ்டன்ட்-ஸ்பீட் ப்ரொப்பெல்லர். ஆக எஞ்சினுக்குப் போகவேண்டிய முக்கியமான கேபிள் மூன்று: சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில், ப்ரொப்பெல்லரின் சுழல்வேகத்துக்கு ப்ராப், எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவுக்கு மிக்ஸ்சர். கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் கார்ப் ஹீட்டுக்கு நாலாவதாக ஒன்று. கேட்கும்போது சின்ன வேலையாகத்தான் தெரியும். ஆனால் இந்த மூன்று கேபிளுக்காக எடுக்கும் முடிவுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. பேனலில் எந்தக் கைப்பிடி என்பதில் தொடங்கி, ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவிலுள்ள தீத்தடுப்புச் சுவர்) எந்த ஓட்டை, எஞ்சினில் எந்தப் பிராக்கெட் என்பது வரை ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் மாறும்.

வீட்டில் கட்டும் விமானத்துக்கு, அதாவது அமெரிக்காவில் 'எக்ஸ்பெரிமென்டல் அமெச்சூர்-பில்ட்' என்று பதிவாகும் விமானத்துக்கு, தொழிற்சாலை விமானங்களின் சான்றிதழ் விதிகள் கட்டாயமில்லை. கட்டும் வேலையில் பெரும்பகுதியை நாம் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் சிறிய விமானங்களின் சான்றிதழுக்கான பார்ட் 23 விதிகளை, அமெரிக்க அரசின் விமானத்துறையான எஃப்.ஏ.ஏ. 2017-ல் மாற்றி எழுதுவதற்கு முன்பிருந்த பழைய வடிவில், நான் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். விமானங்கள் விழுந்து கற்றுக்கொண்ட பாடம் அதன் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. கீழே நான் எதையாவது எதனோடாவது ஒப்பிடும்போது அளவுகோல் பெரும்பாலும் அதுதான்.

எஞ்சின் முனையிலிருந்து தொடங்குவது

பேனலில் ஆரம்பித்து எஞ்சினுக்குப் போகாதீர்கள். எஞ்சினில் ஆரம்பித்துப் பேனலுக்கு வாருங்கள். பேனலில் ஒரு ஓட்டையை இரண்டு அங்குலம் தள்ளிப் போடலாம். கார்புரேட்டர் இருக்கிற இடத்தைத் தள்ளி வைக்க முடியாது.

கார்புரேட்டரின் த்ராட்டில் ஆர்ம், அதாவது கேபிள் பிடித்துத் திருப்பும் சின்ன நெம்புகோல், ஒரு வட்டவில்லில் சுற்றுகிறது. கேபிளோ நேராகத் தள்ளி நேராக இழுக்கிறது. ஆர்ம் தன் பாதி ஓட்டத்தில் இருக்கும்போது கேபிள் அதற்கு 90 டிகிரியில் இருந்தால் இரண்டு பக்கமும் சமமாகப் போகும். அந்தக் கோணம் தவறினால் ஒரு முனையில் கேபிள் ஆர்மைத் திருப்பாமல் அதன் நீளவாக்கில் வெறுமனே அழுத்தும். இன்னும் கொஞ்சம் போனால் ஆர்ம் நடுக்கோட்டைத் தாண்டி, திரும்பி வராமல் நின்றுவிடும். அளவையும் முன்கூட்டியே போட்டுப் பார்க்கலாம். ஆர்மின் துளை 2 அங்குல ஆரத்தில் இருந்து, அது 75 டிகிரி சுற்றினால், கேபிள் ஓடவேண்டியது சுமார் 2.4 அங்குலம். 3 அங்குல ஓட்டம் உள்ள கேபிளில் இது தாராளமாக அடங்கும். துளை 3 அங்குல ஆரத்தில் இருந்தால் சுமார் 3.65 அங்குலம் தேவைப்படும். அந்தக் கேபிள் போதாது. ஆர்மில் துளையை மாற்றியே இதைச் சரிசெய்துவிடலாம், ஆனால் கேபிள் வாங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது பிராக்கெட். கேபிளின் மேலுறையை எதில் கட்டுவது என்பதில் இரண்டு வழி உண்டு: எஞ்சினிலேயே போல்ட் போட்ட பிராக்கெட், அல்லது எஞ்சினைத் தாங்கும் மவுன்ட்டின் குழாய். இரண்டாவது சுலபம். கிளாம்ப் ஒன்று போட்டால் வேலை முடிந்தது. நானும் என் முதல் விமானத்தில் அதைத்தான் செய்தேன். எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, அது ஆடும் என்பது தெரியாமல் இல்லை. எவ்வளவு ஆடும் என்பதை நான் நேரில் பார்த்ததில்லை. ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் எஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கிப் போடும். அந்த ஆட்டத்தில் கார்புரேட்டர் நகர்கிறது. கேபிளின் உறை மவுன்ட்டில் அப்படியே நிற்கிறது. அதாவது கையை வைக்காமலே த்ராட்டில் நகர்கிறது. ஐடிலில், அதாவது த்ராட்டிலை மூடி எஞ்சின் மெல்ல ஓடும்போது, ஆர்பிஎம் ஒரு இடத்தில் நிற்காமல் மேலும் கீழும் அலைந்துகொண்டே இருந்தது. கார்புரேட்டர் ஜெட்டில் குப்பையோ என்று இரண்டு நாள் தேடினேன். கடைசியில் எஞ்சினின் மேல்மூடியான கௌலிங்கைக் கழற்றி, ஒருவர் ப்ராப்பைப் பிடித்து எஞ்சினைக் கையால் ஆட்ட, இன்னொருவர் த்ராட்டில் ஆர்மைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எஞ்சின் ஆடியபடி ஆர்மும் மெல்ல ஆடியது, பேனலில் நாப் அசையவே இல்லை. (இதைச் செய்து பார்ப்பதானால் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ இரண்டும் ஆஃப், மிக்ஸ்சர் கட்-ஆஃப், ப்ராப்பைப் பிடிப்பவர் உட்பட யாரும் அதன் வீச்சுக்குள் உடம்பைக் கொண்டுபோகக்கூடாது.)

ஆகவே பிராக்கெட் எஞ்சினில்தான். அது தனி வேலை. தகட்டை வெட்டி வளைத்து, ஒரு கோணத்தில் வலுக்கட்டை வைக்க வேண்டியிருக்கும். கையால் அழுத்தினால் வளைகிற பிராக்கெட் இருந்தும் பிரயோஜனமில்லை. பிராக்கெட்டுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவில் கேபிள் எஞ்சினோடு சேர்ந்து ஆடத் தளர்வான ஒரு வளைவும் வேண்டும்.

எந்த வகைக் கேபிள்

இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சைக்கிள் பிரேக்கில் இருக்கும் பௌடன் கேபிளுக்கு 1896-ல் காப்புரிமை வாங்கப்பட்டது. முறுக்கிய கம்பி ஒரு உறைக்குள் ஓடும். அது இழுக்க மட்டும் தெரிந்த கேபிள். தள்ள வேண்டுமானால் மறுமுனையில் ஸ்பிரிங் வேண்டும். ஒற்றைக் கெட்டிக் கம்பி ஓடும் வகை கொஞ்சம் தள்ளும். கார்ப் ஹீட்டுக்கும் கேபின் ஹீட்டுக்கும் அது போதும். த்ராட்டில், ப்ராப், மிக்ஸ்சர் மூன்றுக்கும் டெஃப்ளான் உள்குழாயும், முனையில் 10-32 மரையும் உள்ள புஷ்-புல் கேபிள்தான். விலை வித்தியாசத்தைப் பார்த்து இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

நாப்பா, லீவரா

பேனலில் இழுத்துத் தள்ளும் நாப் ஒரு பக்கம், நடுவில் நிற்கும் குவாட்ரண்ட் லீவர்கள் இன்னொரு பக்கம். ஆர்வி கட்டுபவர்களுக்குள் அதிகம் விவாதம் நடப்பது இதில்தான். பெரும்பாலும் பேசுவது கை சுகத்தைப் பற்றி. எனக்கு அது இரண்டாம்பட்சம்.

வெர்னியர் நாப்பில் தலையைத் திருகினால் மெல்ல மெல்ல நகரும். நடுப் பட்டனை அழுத்தினால் ஒரே தள்ளலில் போகும். மிக்ஸ்சரை லீன் செய்யும்போது (எரிபொருளைக் குறைக்கும்போது), எக்ஸாஸ்ட் வாயுவின் வெப்பத்தைக் காட்டும் இஜிடி-யைப் பார்த்துக்கொண்டே கால் திருகு, அரைத் திருகு என்று போக அதைவிட நல்ல கருவி இல்லை. ப்ராப்புக்கும் அப்படித்தான். த்ராட்டிலுக்கு நான் வெர்னியர் போடமாட்டேன். தரைக்கு 20 அடி மேலே, இறங்க முடியாமல் மறுபடி ஏறவேண்டிய நொடியில், பட்டனை அழுத்திப் பிறகு தள்ளுவது என்ற இரண்டு வேலை அந்தக் கைக்கு வேண்டாம். உராய்வை இறுக்கிவைக்கும் சாதா புஷ்-புல் போதும்.

லீவர் பார்த்ததும் புரியும். மூன்று லீவர் எங்கே நிற்கிறது என்பது ஓரக்கண்ணிலேயே தெரியும். மற்ற விமானங்களோடு அணியாக, ஃபார்மேஷனில் பறப்பவர்கள் லீவரைத்தான் விரும்புகிறார்கள். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கேபிளின் கண்ணோட்டத்தில் பார்த்தால் இரண்டு விஷயம் மாறுகிறது.

ஒன்று, திசை. நாப்பை முன்னால் தள்ளினால் கேபிளும் முன்னால் தள்ளப்படும். சில குவாட்ரண்டுகளில் கேபிள் பிவட்டுக்குக் கீழே கோக்கப்பட்டிருக்கும். லீவரின் தலை முன்னால் போனால் அதன் கால் பின்னால் வரும், கேபிள் இழுபடும். முன்னால் என்றால் முழு சக்தி என்பது மாறக்கூடாது. அப்படியானால் எஞ்சின் முனையில் ஆர்மை எதிர்ப்பக்கம் திருப்பி வைக்கவேண்டும், பிராக்கெட்டும் எதிர்ப்பக்கம் போகும். குவாட்ரண்ட் வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் செய்து வைத்த பிராக்கெட் குப்பைக்கூடைக்குப் போகும்.

இரண்டு, புறப்படும் உயரம். நாப்பின் கேபிள் பேனலின் கீழ்விளிம்பிலிருந்து நேராக முன்னோக்கிக் கிளம்புகிறது. வெர்னியரின் உடம்பு பேனலுக்குப் பின்னால் சில அங்குலம் நீண்டு நிற்கும். ரேடியோ தட்டு, சப்-பேனல் எல்லாவற்றோடும் இடத்துக்குச் சண்டை. குவாட்ரண்டின் கேபிள் இன்னும் கீழிருந்து கிளம்பும். ஃபயர்வாலின் கீழ்ப்பகுதியைத் துளைத்துக் கார்புரேட்டருக்குப் போகிற விமானத்தில் அது ஒரு வளைவைக் குறைத்தே கொடுக்கிறது.

எந்தப் பக்கம் போனாலும் வரிசையை மாற்றாதீர்கள். இடமிருந்து வலம் த்ராட்டில், ப்ராப், மிக்ஸ்சர். கறுப்பு, நீலம், சிவப்பு. ப்ராப் நாப்பின் விளிம்பில் வரிப்பள்ளங்கள் இருக்கும், மிக்ஸ்சருடையது மேடு மேடாக நட்சத்திரம் போல இருக்கும். இருட்டில் விரல் தடவினாலே தெரியவேண்டும் என்பதற்காக அந்த வடிவங்கள். நாளைக்கு வேறொருவர் இந்த விமானத்தை ஓட்டுவார். அவருடைய கைப்பழக்கம் நம்முடைய யோசனைக்கு முன்னால் வந்து நிற்கும்.

கட்டுபவர் ஒரு கைப்பிடியை இடம் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 1997 அக்டோபர் 12 சாட்சி. பாடகர் ஜான் டென்வர் அன்று கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது வேறொருவர் கட்டி, கைமாறி வந்த லாங்-ஈஇசட். எரிபொருள் டேங்கை மாற்றும் வால்வு, வடிவமைப்பாளர் பர்ட் ருட்டானின் வரைபடப்படி முன்னால் இருக்கவேண்டியது. கட்டியவர் காக்பிட்டுக்குள் எரிபொருள் குழாய் வேண்டாம் என்று நினைத்து அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். எட்டுவதற்கு உடம்பைத் திருப்பவேண்டும். குழாயைக் காக்பிட்டுக்கு வெளியே வைப்பது என்ற அந்த யோசனையில் பாதுகாப்பு அக்கறைதான் இருந்தது. அந்த வழிக்காகக் கை எட்டாத இடத்தில் பிடியை வைத்தது வினைக்கு ஒரு காரணமாயிற்று. கேபிளின் வழி நல்லதாக இருக்கிறது என்பதற்காகப் பிடியை ஓரத்துக்குத் தள்ளத் தோன்றும்போதெல்லாம் நான் இதை நினைத்துக்கொள்கிறேன்.

கீழ்வழியா, மேல்வழியா

பேனலுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் எங்களுக்கு இரண்டு வழி இருந்தது. முதல் வழி, பேனலிலிருந்து சரிந்து இறங்கி, ஃபயர்வாலின் கீழ்ப்பகுதியைத் துளைத்து, எஞ்சினுக்கு அடியில் போவது. நீளம் குறைவு, வளைவு குறைவு. ஆனால் அங்கேதான் எக்ஸாஸ்ட் குழாய்கள் குறுக்கே போகின்றன. இரண்டாவது, ஃபயர்வாலின் மேல்பாதியைத் துளைத்து, எஞ்சினின் பின்பக்கம் மேக்னெட்டோக்களுக்கு அருகில் இறங்கிக் கார்புரேட்டருக்கு வருவது. எக்ஸாஸ்ட்டுக்குத் தூரம். ஆனால் வளைவு அதிகம்.

வளைவுதான் கேபிளுக்குச் சத்துரு. ஒரு வளைவு எவ்வளவு இறுக்கம் என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச ஆரத்துக்குக் கீழே போகமாட்டார்கள். மொத்தமாக எத்தனை டிகிரி திரும்புகிறது என்பதைக் கூட்டிப் பார்ப்பவர் குறைவு. கிணற்றுக் கயிற்றைக் கம்பத்தில் ஒரு சுற்று சுற்றினால் பிடிப்பது சுலபம், இரண்டு சுற்று சுற்றினால் குழந்தையே பிடித்துக்கொள்ளும். அதே கணக்கு கேபிளுக்குள்ளும் நடக்கிறது. உராய்வு ஒவ்வொரு வளைவிலும் கூட்டலாக ஏறாமல் பெருக்கலாக ஏறும். எங்கள் கீழ்வழியில் மொத்தத் திருப்பம் 120 டிகிரி, மேல்வழியில் 270. உள்ளே உராய்வுக் குணகம் 0.15 என்று வைத்துக்கொண்டால், கீழ்வழியில் எஞ்சின் முனையில் ஒரு பங்கு விசை கிடைக்க இந்தப் பக்கம் 1.37 பங்கு தள்ளவேண்டும். மேல்வழியில் 2.03 பங்கு. கேபிள் பழசாகி உள்ளே அழுக்கு சேர்ந்தால் இந்த இடைவெளி இன்னும் விரியும்.

வெற்றோட்டமும் இதே போலத்தான். உள்கம்பிக்கும் குழாய்க்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஓடாது. இழுக்கும்போது கம்பி வளைவின் உள்பக்கச் சுவரைத் தொட்டுப் போகும். தள்ளும்போது வெளிப்பக்கச் சுவருக்குத் தாவும். அந்தத் தாவலில் நாப் நகரும், ஆர்ம் நகராது. இடைவெளி அரை மில்லிமீட்டர் என்றால் 120 டிகிரிக்கு 1 மில்லிமீட்டர் வீண். 270 டிகிரிக்கு ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டர் வீண். ஐடில் பக்கத்தில் த்ராட்டில் 2.4 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஆர்பிஎம்மில் நன்றாகவே தெரியும். நாப்பை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தாலும், தள்ளி வந்தால் ஒரு ஆர்பிஎம், இழுத்து வந்தால் வேறொன்று என்றால் காரணம் இதுதான்.

கீழ்வழி இந்தக் கணக்கில் ஜெயிக்கிறது. ஆனால் வெப்பம்? எக்ஸாஸ்ட் குழாய்க்குள் ஓடும் வாயு 700 முதல் 800 டிகிரி செல்சியஸ். டெஃப்ளான் 260 டிகிரி வரை தாங்கும், 327-ல் உருகும். கேபிளின் மேலே இருக்கிற பிளாஸ்டிக் உறை அதற்கு ரொம்ப முன்னாலேயே இளகிவிடும். குழாயைத் தொடாவிட்டாலும் அதன் கதிர்வீச்சு போதும். ஒரு தடவை நண்பர் ஒருவருடைய விமானத்தின் ஆண்டு ஆய்வுக்கு உதவப் போனேன். மிக்ஸ்சர் கேபிள் எக்ஸாஸ்ட்டிலிருந்து ஒன்றரை அங்குலத்தில் போயிற்று. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. விரலை ஓட்டியபோது ஓரிடத்தில் உறை வழவழப்பு போய் மாவு மாதிரி விரலில் ஒட்டியது. அந்த இடத்தில் லேசாக வளைத்தேன், தோல் உரிவது போல வெடித்து உள்ளே சுருள்கம்பி தெரிந்தது. நாப்பை இழுத்துப் பார்த்தால் அப்போதும் பட்டுப் போல ஓடியது. அதுதான் பயமாக இருந்தது. பேனல் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு எந்த அறிகுறியும் வரவில்லை.

எங்கள் முடிவு கீழ்வழிதான், மூன்று நிபந்தனையோடு: எக்ஸாஸ்ட்டிலிருந்து எங்கும் 3 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, அதிலும் குழாயில் ஒரு துருப்பிடிக்காத எஃகு வெப்பத் தடுப்பு கட்டவேண்டும், அந்த நீளத்துக்குக் கேபிளின் மேல் ஃபயர்ஸ்லீவ் என்ற தீ தாங்கும் உறை வரவேண்டும். 3 அங்குலம் என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட கணக்கு. அந்த இடம் கிடைக்காத எக்ஸாஸ்ட் அமைப்பாக இருந்தால் யோசிக்காமல் மேல்வழி போவேன், உராய்வைச் சகித்துக்கொள்வேன். கனமான கேபிளை ஒவ்வொரு தள்ளலிலும் கை உணரும். உறை வெந்துகொண்டிருப்பதைக் கை உணராது.

ப்ராப் கேபிளின் கதை வேறு. அது போய்ச் சேர்வது ப்ராப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னருக்கு. எங்கள் எஞ்சினில் கவர்னர் பின்னால், ஃபயர்வாலைப் பார்த்தபடி இருக்கிறது. தூரம் மிகக் குறைவு, அதுதான் தொல்லை. ஃபயர்வாலைத் தாண்டியதும் கேபிள் நேராகப் போனால் கவர்னரில் இடிக்கும். பக்கவாட்டில் விலகி, ஒரு அரைவட்டம் போட்டுத் திரும்பி வந்தால்தான் ஆர்மைச் சரியான கோணத்தில் பிடிக்கும். கிட்ட இருக்கிற கவர்னருக்கு நீளமான கேபிள் வாங்குகிறோம். கவர்னர் முன்பக்கம் இருக்கிற எஞ்சின்களில் கேபிள் சிலிண்டர்களைக் கடந்து முன்னால் போகவேண்டும். வளைவு குறைவு, ஆனால் வழி நெடுக வெப்பமும் உரசலும்.

உரசலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கேபிளின் உறைக்குள் இருப்பது எஃகுச் சுருள். எஞ்சின் ஓடும்போது அது அரம் மாதிரி வேலை செய்யும். எரிபொருள் ஹோஸ் மேல் படுத்திருந்தால் ஹோஸை அறுக்கும். மவுன்ட் குழாய் மேல் படுத்திருந்தால் குழாயை அறுக்கும். இரண்டையும் ஒரே டை போட்டு இறுக்கிக் கட்டிவைப்பது தீர்வு இல்லை. ரப்பர் பதித்த ஏடல் கிளாம்ப் இரண்டை முதுகோடு முதுகாக வைத்து, நடுவில் இடைவெளி விட்டுப் பிடிக்கவேண்டும். எஞ்சின் பக்கத்துக்கு வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பதித்தது.

ஃபயர்வாலைத் தாண்டும் இடம்

நேரம் இருந்தால் எல்லாவற்றையும் விட இங்கே செலவிடுங்கள். பழைய பார்ட் 23 சொல்வது: ஃபயர்வாலில் துருப்பிடிக்காத எஃகு என்றால் 0.015 அங்குலத் தடிமன் போதும். அதில் போடும் ஒவ்வொரு ஓட்டையும் நெருக்கமாகப் பொருந்தும், தீ தாங்கும் வளையத்தால் அடைபட்டிருக்கவேண்டும். தீ தாங்கும் என்றால் சுமார் 1,090 டிகிரி செல்சியஸ் தீயை 15 நிமிடம் தாங்குவது. அலுமினியம் 660-லேயே உருகும், அதன் கலவைகள் இன்னும் முன்னாலேயே. இந்த இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதி ஒப்பீடு முடிந்துவிடும்.

ரப்பர் வளையம் போட்டு, மேலே இரண்டு பாதியாக வெட்டிய எஃகுத் தகடு வைத்து மூடுவது மலிவான வழி. கேபிள் நேராக, ஃபயர்வாலுக்குச் செங்குத்தாகப் போகும் இடத்தில் இது நன்றாகவே இருக்கும்; தகடு கேபிளை நெருங்கி நிற்கவேண்டும், ஓரத்தில் தீத்தடுப்பு சீலன்ட் வேண்டும். கேபிள் சரிந்து போகிற இடத்தில் ஓட்டை நீள்வட்டமாகும், தகடு நெருங்காது, ரப்பரை ஒரு பக்கமாக அழுத்திக் கிழிக்கும். தகடு இல்லாமல் வெறும் ரப்பர் மட்டும் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது தீயின் முன்னால் ஓட்டையாகவே இருக்கும்.

ஐபால் என்பது ஒரு குண்டுக்குள் கேபிள் போக, குண்டு அதன் வீட்டுக்குள் திரும்பும் அமைப்பு. சரிவான கோணத்துக்கு இதைவிட நல்லதில்லை; கேபிள் எந்தக் கோணத்தில் வர விரும்புகிறதோ அந்தக் கோணத்திலேயே வரும், ஃபயர்வாலில் வளைத்து நெரிக்கவேண்டியதில்லை. ஆனால் வாங்கும்போது எஃகா அலுமினியமா என்று பாருங்கள். இரண்டும் விற்கிறார்கள், கையில் எடுத்தால் எடையிலேயே தெரியும். காந்தம் வைத்துப் பார்ப்பது போதாது. துருப்பிடிக்காத எஃகில் பல வகை காந்தத்தில் ஒட்டாது.

மூன்றாவது, ஃபயர்வாலில் ஒரு குட்டை எஃகுக் குழாயைப் பொருத்தி, அதன் வழியாகக் கேபிளை விட்டு, குழாயையும் கேபிளையும் சேர்த்து ஃபயர்ஸ்லீவ் இழுத்து இரண்டு முனையிலும் கிளாம்ப் போடுவது. வயர்க் கற்றைக்கு நான் இதைத்தான் போடுவேன். கேபிளுக்கு இது கொஞ்சம் முரட்டுத்தனம். குழாயின் திசை நிலையானது, கேபிளுக்குப் பிடிக்காத திசையாக இருந்தால் அங்கே ஒரு வளைவு கூடும்.

த்ராட்டிலுக்கும் மிக்ஸ்சருக்கும் எஃகு ஐபால், ப்ராப்புக்குத் தகட்டோடு கூடிய வளையம் என்று முடித்தோம். ப்ராப் ஃபயர்வாலைச் செங்குத்தாகத்தான் தாண்டுகிறது. எல்லாவற்றுக்கும் சீலன்ட் உண்டு. தீ என்றைக்கும் வராமலே போகலாம். கார்பன் மோனாக்சைடு உள்ளே வர ஒவ்வொரு நாளும் அந்தச் சின்ன இடைவெளி போதும்.

அறுந்தால் என்ன ஆகும்

கேபிள் அறுவதைவிட அதன் முனை கழன்று போவதுதான் நடக்கும். கேபிள் முனையை ஆர்மோடு இணைக்கும் ராட்-எண்ட் பேரிங்கின் குண்டு வெளியே வந்துவிட்டால் போல்ட் அப்படியே இருக்கும், பேரிங் மட்டும் தனியாகத் தொங்கும். அதற்கு மேல் ஒரு அகல வாஷர் போட்டால் குண்டு பிய்ந்தாலும் பேரிங் போல்ட்டை விட்டு வெளியே போகமுடியாது. இதைவிட மலிவான காப்பீடு விமானத்தில் வேறெங்கும் இல்லை. நைலான் வைத்த லாக் நட் இங்கே ஆகாது. நைலானின் எல்லை 121 டிகிரி, தவிர இங்கே போல்ட் சுழலும் இணைப்பு. கோட்டை நட், அது கழலாமல் பூட்ட ஒரு பிளவு ஊசி.

அதையும் மீறிக் கழன்றால்? ஒற்றை எஞ்சின் விமானத்தில் த்ராட்டிலோ மிக்ஸ்சரோ எஞ்சின் முனையில் கழன்றாலும் பறப்பைத் தொடர்ந்து பத்திரமாக இறங்க முடியவேண்டும் என்று பழைய பார்ட் 23 கேட்கிறது. இரண்டு வழி உண்டு. ஸ்பிரிங் இல்லாமல் விடுவது ஒன்று: அதிர்வில் ஆர்ம் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. த்ராட்டிலைத் திறந்த பக்கமும் மிக்ஸ்சரை எரிபொருள் கூடும் ரிச் பக்கமும் இழுக்கும் மெல்லிய ஸ்பிரிங் போடுவது இன்னொன்று. ஸ்பிரிங்குக்கு எதிராகச் சொல்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு: த்ராட்டிலை மூடும்போதெல்லாம் கை அதோடு மல்லுக்கட்டும், ஸ்பிரிங்கின் கொக்கி ஆர்மைத் தேய்க்கும். முழு சக்தியில் ஓடும் எஞ்சினோடு இறங்குவதும் லேசில்லை. ரன்வே கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும் மிக்ஸ்சரை இழுத்து நிறுத்தி, சறுக்கித்தான் இறங்கவேண்டும். ஆனால் ரன்வே வரைக்கும் போகச் சக்தி இருக்கிறது. நான் ஸ்பிரிங் போடும் கட்சி. கவர்னரின் ஆர்மிலும் உயர் ஆர்பிஎம் பக்கம் இழுக்கும் ஸ்பிரிங் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நீளம்

கடைசியாக வருவது நீளம். கால் அங்குல பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்து, பிராக்கெட், ஃபயர்வால், பேனல் எல்லாவற்றையும் தற்காலிகமாகக் கட்டி, எஞ்சின் ஆர்மும் நாப்பும் பாதி ஓட்டத்தில் நிற்கும்படி வைத்து, குழாய் தானாக எந்த வளைவில் படுக்க விரும்புகிறதோ அப்படி விட்டு அளந்தோம். கடையில் கிடைக்கும் நீளத்துக்காக வழியை வளைப்பதைவிட, வழிக்கு ஏற்ற நீளத்தைச் செய்து வாங்குவது நல்லது. மீந்துபோன நாலு அங்குலத்தை எங்காவது ஒரு சுருளாகத்தான் ஒளிக்கவேண்டும். சுருள் என்றால் 360 டிகிரி.

எஞ்சினிலிருந்து பின்னோக்கி வந்தபோது த்ராட்டில் நாப், மச்சான் வரைந்த வட்டத்துக்கு ஒன்றரை அங்குலம் வலப்பக்கம் தள்ளி வந்தது. மற்ற இரண்டும் கூடவே நகர்ந்தன. இடது இருக்கையில் உட்கார்ந்து, தோள் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, வலது கையை நீட்டிப் பார்த்தான். மூன்றும் எட்டின. பென்சில் வட்டங்களை அழித்தோம்.

இந்த சனிக்கிழமை த்ராட்டில் கேபிள் மாட்டியாயிற்று. அவன் உள்ளே நாப்பைத் தள்ள, நான் கௌலிங் இல்லாத எஞ்சினுக்கு அடியில் படுத்துக்கொண்டு கார்புரேட்டரைப் பார்த்தேன். ஆர்ம் மெல்லச் சுற்றிவந்து ஸ்டாப்பில் டக்கென்று முட்டியது. "அங்க எவ்வளவு பாக்கி இருக்கு?" என்று கேட்டேன். "நாப்புக்கும் பேனலுக்கும் நடுவுல மூணு மில்லிமீட்டர் இருக்கு மச்சான்." இழுக்கச் சொன்னேன். ஐடில் ஸ்டாப்பிலும் டக். அங்கேயும் நாப் இன்னும் கொஞ்சம் வெளியே வர இடம் வைத்திருந்தது. அதாவது இரண்டு பக்கமும் முதலில் முட்டுவது எஞ்சினின் ஸ்டாப்தான், நாப் இல்லை. பிளவு ஊசியின் கால்களை விரித்து மடக்கினேன்.